கையெழுத்தும் கடையின் தலையெழுத்தும்

"கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது" என்று ஒரு பேச்சு உண்டு. கோழி கிளறியது போல எழுதிய பிள்ளைகள் தங்களைத் தாங்களே தேற்றிக்கொள்ளச் சொன்ன பேச்சாக இருக்கலாம். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கல் சமயத்தில் எங்கள் கடைக்கு அது அப்படியே பலித்துவிட்டது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறோம்.

பாலக்கோட்டில் எங்களுக்கு வெல்ல வியாபாரம். தந்தையார் காலத்தில் சிப்பமாகவும் மூட்டையாகவும் போய்க்கொண்டிருந்த சரக்கு. அண்ணன் தம்பி இருவரும் கலந்து பேசி, பொங்கலுக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ பாக்கெட் போட்டு ஓசூர், பெங்களூரு கடைகளுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தோம். பாக்கெட்டுக்கு லேபிள் வேண்டும். ஒரு டி.டி.பி. கடையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எழுத்து எழுத்தாகப் பார்த்தோம். கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயருக்குப் போடுவார்களே, மெல்லிய பேனாவால் சுழித்துச் சுழித்து எழுதியது போன்ற எழுத்து, அது கண்ணைப் பறித்தது. கடைப் பெயர், சரக்கின் பெயர், எடை, விலை, பாக்கெட் போட்ட தேதி, செல்போன் எண் எல்லாவற்றையும் அதே எழுத்தில் போடச் சொன்னோம். ஆயிரம் லேபிள் அடித்தாயிற்று.

முதல் நாளே கடைக்கு வந்த ஒரு பாட்டி பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, யார் வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டோம். சிரிப்பு பொங்கல் முடியும் வரைதான். எங்கள் செல்போன் எண்ணில் இரண்டு இடத்தில் 1 வரும். அந்த எழுத்தில் 1-க்குத் தலையில் கொக்கியும் கீழே வாலும் இருந்ததால் பார்ப்பவர் கண்ணுக்கு அது 7. மறு ஆர்டர் கொடுக்க நினைத்த கடைக்காரர்கள் யாரோ ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைக் கூப்பிட்டு ஐம்பது கிலோ வெல்லம் கேட்டிருக்கிறார்கள். அவரும் நாலு பேருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, ஐந்தாவது ஆளைத் திட்டி போனை வைத்திருக்கிறார். தை பிறந்து பத்து நாள் கழித்து ஓசூர்க் கடைக்காரர் ஒருவர் நேரில் வந்தபோதுதான் எங்களுக்கு விவரமே தெரிந்தது. சீசன் முடிந்துவிட்டது. பாக்கெட் போட்ட வெல்லத்தில் பாதியைப் பிரித்து, சில்லறையாகத் தள்ளினோம்.

அச்சடித்தவர் மேல் குற்றம் இல்லை. அவர் கேட்டதைக் கொடுத்தார். கேட்கத் தெரியாமல் கேட்டது நாங்கள். அதன் பிறகு இந்தக் கையெழுத்து மாதிரியான எழுத்துகளைப் பற்றி அங்கே இங்கே விசாரித்துத் தெரிந்துகொண்டோம். நம் மளிகை வணிகர்களுக்கும் மண்டிக்காரர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

பேரேட்டில் பிறந்த எழுத்து

அழகான கையெழுத்து என்பது கல்யாணப் பத்திரிகைக்கும் கவிதைப் புத்தகத்துக்கும் உரியது என்று நினைக்கிறோம். உண்மையில் அது நம் தொழிலின் சொத்து. புதுக்கணக்குப் போடும் நாளில் மஞ்சள் தடவிய நோட்டில் முதலில் எழுதுவது பிள்ளையார் சுழி. அந்தச் சுழியை எல்லோரும் போடுகிறோம். ஆனால் ஒருவர் போட்டது போல இன்னொருவர் போடுவதில்லை. சுழியைப் பார்த்தே எந்த மண்டிச் சிட்டை என்று சொல்லிவிடும் ஆட்கள் இருந்தார்கள்.

பழைய கணக்குப்பிள்ளைகள் பேனாவை எடுக்காமல் வேகமாக எழுதிப் பழகியவர்கள். அந்த வேகத்தில் சொற்களே சுருங்கிக் குறிகளாகிவிட்டன. வரவு என்பதற்கு ௷, பற்று என்பதற்கு ௶, மேற்படி என்பதற்கு ௸, ரூபாய்க்கு ௹, நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, இலக்கத்துக்கு ௺. இவற்றை உற்றுப் பாருங்கள். ஒரே இழுப்பில் வந்த கையெழுத்து என்பது தெரியும். எந்த அரசாங்கமும் கமிட்டி போட்டு இவற்றை உண்டாக்கவில்லை. கணக்கு எழுதிய கை உண்டாக்கியது. உலகம் முழுதும் கம்ப்யூட்டர்களுக்குப் பொதுவாக உள்ள யூனிகோடு என்னும் எழுத்து அட்டவணையில் 2003-ஆம் ஆண்டு, 4.0 பதிப்பில், இந்த எட்டுக் குறிகளும் சேர்க்கப்பட்டன. நம் பேரேட்டுக் கையெழுத்து இன்று செல்போனுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. நம்மில் பலருக்குத்தான் தெரியாது.

ஒரு கணக்கரின் கை

இதற்கு நேரான கதை ஒன்று அமெரிக்காவில் உண்டு. உலகத்தில் அதிகம் பேர் பார்த்த கையெழுத்து எது என்று கேட்டால், கோகோ கோலா பாட்டிலில் உள்ள எழுத்து என்று சொல்லலாம். அதை எழுதியவர் ஓவியர் அல்லர், கணக்கர். 1886-இல் அட்லாண்டா நகரில் ஜான் பெம்பர்ட்டன் என்ற மருந்து வணிகர் அந்தப் பானத்தைத் தயாரித்தபோது, அவருடைய கூட்டாளியும் கணக்கு எழுதுபவருமான ஃபிராங்க் ராபின்சன் என்பவர்தான் அதற்குப் பெயர் சொன்னார். இரண்டு 'சி' எழுத்துகள் சேர்ந்து வந்தால் விளம்பரத்தில் எடுப்பாக இருக்கும் என்பது அவர் எண்ணம். பெயரைச் சொன்னதோடு தம் கையாலேயே அதை எழுதியும் கொடுத்தார்.

அவர் எழுதியது ஸ்பென்சீரியன் என்ற எழுத்து முறை. அந்தக் காலத்து அமெரிக்க வணிகப் பள்ளிகளில் கடைக் குமாஸ்தாக்களுக்கும் கணக்கர்களுக்கும் சொல்லிக்கொடுத்த சாதாரணக் கையெழுத்து அது. லெட்ஜர் எழுதிய அதே எழுத்து சரக்கின் மேல் ஏறியது. 1893-இல் அதை வணிகக் குறியாகப் பதிவு செய்தார்கள். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், பாட்டில் மாறியது, விளம்பரம் மாறியது, விலை மாறியது. அந்தக் கையெழுத்தின் அமைப்பு மாறவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது இரண்டு. அந்த எழுத்தில் எழுதியது பெயர் மட்டும். பாட்டிலின் அளவையும் விலையையும் அப்படி எழுதவில்லை. ஒரு முறை எழுதியதைப் பிறகு விடவில்லை. நாமோ போர்டுக்கு ஒரு எழுத்து, பில்லுக்கு ஒன்று, பைக்கு ஒன்று, தீபாவளி நோட்டீசுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறோம். வாடிக்கையாளர் கண்ணில் நாலு கடையாகத் தெரிகிறோம்.

இயந்திரத்துக்குள் போன கை

கையால் எழுதியது போன்ற எழுத்து கம்ப்யூட்டரில் எப்படி வருகிறது? ஒருவர் எழுதிய எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்து, ஒவ்வொரு விசைக்கும் ஒரு வடிவம் என்று சேர்த்து வைத்த தொகுப்புதான் டி.டி.பி.க்காரர்கள் ஃபாண்ட் என்றும், தமிழில் எழுத்துரு என்றும் சொல்வது. அச்சு என்று வந்த நாளிலிருந்தே கையைப் பார்த்து எழுத்து செய்வதுதான் வழக்கம். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானபோது, ஈயத்தில் வார்த்த தமிழ் எழுத்துகள் அன்றைய ஏட்டு எழுத்தைப் பார்த்துச் செய்தவை.

ஆங்கிலத்தில் கையெழுத்து வகை எழுத்துருக்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. தமிழில் குறைவு. காரணம் உண்டு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, ஆக 52 வடிவம் வரைந்தால் ஆயிற்று. தமிழில் எழுத்து 247. கொம்பும் காலும் தனியாக வருவதால் அத்தனைக்கும் தனி வடிவம் தேவையில்லை என்றாலும், கு, சு, டு, மு, ரு, கூ, சூ, டூ என்று வரும் உகர, ஊகார வரிசைகளில் மட்டும் 36 வடிவங்களைத் தனித்தனியே வரைய வேண்டும். ஆங்கிலக் கூட்டெழுத்துப் போல ஒன்றோடு ஒன்று கையைக் கோத்துக்கொண்டும் நம் எழுத்து போகாது, தனித்தனியாகத்தான் நிற்கும். எனவே அழகு என்பது எழுத்துகளைக் கோப்பதில் இல்லை. சுழியிலும், சாய்விலும், கோடு தடித்து மெலிவதிலும்தான் இருக்கிறது. இதை அறியாமல் ஆங்கில எழுத்தைப் போல வால் நீட்டி வரைந்தால், அந்த வால் பக்கத்து எழுத்தின் கால் ஆகிவிடும்.

நல்ல எழுத்துருக்கள் இல்லாமல் இல்லை. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் என்ற எழுத்துருக் கலைஞர் உருவாக்கிய 'கவிவாணர்' சாய்வாகக் கையால் எழுதியது போல இருக்கும். மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழுவினரின் 'பலூ தம்பி' தடித்த, உருண்டையான எழுத்து. கடை போர்டுக்கும் மிட்டாய்ப் பாக்கெட்டுக்கும் பொருந்தும். இரண்டும் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. வணிகத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தில் வெளியானவை.

எல்லா எழுத்துருக்களும் இலவசம் அல்ல. ஒருவர் உழைத்துச் செய்து விலைக்கு விற்பதை யாரோ காப்பி செய்து கொடுத்தால், அது எடை போடாமல் எடுத்த சரக்கு போலத்தான். நம் பிராண்டுக்கு ஒரு எழுத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போகிறோம் என்றால், அதன் உரிமம் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இன்னொரு தொல்லையும் உண்டு. பழைய தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்கார வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத வேறொரு அச்சகத்துக்கு நம் லேபிளை அனுப்பினால், 'வெல்லம்' இருந்த இடத்தில் தலை வால் இல்லாத ஆங்கில எழுத்துகள் வரும். 1999-இல் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாடு இந்தக் குழப்பத்தைக் குறைக்க முயன்றது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. புதிதாகச் செய்வதை யூனிகோடு எழுத்திலேயே செய்யச் சொல்லுங்கள். அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்தைக் 'கர்வ்' ஆக, அதாவது படமாக, மாற்றிக் கொடுக்கச் சொன்னால் எங்கே கொண்டுபோனாலும் எழுத்து மாறாது.

மளிகைக் கடைச் சோதனை

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது டி.டி.பி. கடையில் பொதுவாக நம் கடைப் பெயரை மட்டும் அடித்துக் காட்டுவார்கள். அது போதாது. தங்கத்தை உரைத்துப் பார்ப்பது போல எழுத்தையும் உரைத்துப் பார்க்க வேண்டும். உரைகல் நம் கடையிலேயே இருக்கிறது: பருப்பு, உளுந்து, மிளகு, கருப்பட்டி, தேன், கொள்ளு, கடலை எண்ணெய், ஏலக்காய். இந்த எட்டுச் சொற்களையும் அடித்துப் பாருங்கள்.

'உளுந்து', 'மிளகு' இரண்டிலும் உகர வடிவம் சரியாக வந்திருக்கிறதா? மலிவான எழுத்துருக்களில் முதலில் கெடுவது அதுதான். 'தேன்' என்பதில் கொம்பு இரட்டைச் சுழியாகத் தெரிகிறதா? ஒற்றைக் கொம்பாகத் தெரிந்தால் தேன் 'தென்' ஆகிவிடும். 'கருப்பட்டி'யில் வரும் 'ரு' தெளிவாக இருக்கிறதா? 'ர' வரும் இடத்தில் அது துணைக்கால் போலத் தெரிகிறதா? 'ஏலக்காய்' என்பதில் 'ஏ' தன் கீழ்க்கோட்டோடு நிற்கிறதா? 'கொள்ளு', 'எண்ணெய்' என்பவற்றில் புள்ளி இருக்கிறதா?

புள்ளி சிறிய விஷயம் அல்ல. ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில், குத்தினால் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். படிப்பவர் ஊகித்துப் படித்துக்கொண்டார். நம் வாடிக்கையாளர் அப்படி ஊகிக்க மாட்டார். பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

அடுத்து எண்கள். 1, 7 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு 3, 8, 5, 6, 0, 6. எங்கள் கதை உங்களுக்கு வேண்டாம்.

இன்னொன்று, பழைய எழுத்து. பெரியார் 1935 முதல் 'குடிஅரசு' ஏட்டில் கையாண்ட சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978 அக்டோபரில் ஏற்றது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு யானைத் தும்பிக்கை போல முன்னால் ஒரு சுழி வரும். ணா, றா, னா ஆகியவையும் காலில்லாமல் வளைந்து வரும். நம் பில்லின் தலையில் போடும் 'பிள்ளையார் துணை' என்பதில் 'ளை', 'ணை' இரண்டுமே அந்த எழுத்துகள். வெற்றிலை, தேயிலை, கடலை என்று சரக்குகளிலும் 'லை' வருகிறது. வயதான ஓவியர்கள் இன்றும் அழகுக்காகத் தும்பிக்கை போட்டு எழுதுவார்கள். பழங்கடை என்ற மதிப்பு அதில் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் 1978-க்குப் பின் பள்ளிக்குப் போன தலைமுறைக்கு அது பழக்கமில்லை. பில்லின் தலையில் சாமி பெயருக்கு வைத்துக்கொள்ளலாம். சரக்கின் பெயருக்கு வேண்டாம்.

எங்கே போடலாம், எங்கே கூடாது

நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை ஒரே வாக்கியத்தில் சொல்வதென்றால்: கையெழுத்து பெயருக்கு, தகவலுக்கு நேர் எழுத்து. மற்றவை எல்லாம் இதன் கிளைகள்தாம்.

கடை போர்டு: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948-இன் 15-ஆவது விதிப்படி பெயர்ப் பலகையில் தமிழ் இருந்தாக வேண்டும், பிற மொழி போட்டால் தமிழுக்குக் கீழேதான் வர வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவை 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று அரசு வலியுறுத்துகிறது. நம்முடையது தெலுங்கும் கன்னடமும் புழங்கும் எல்லைப் பகுதி. மூன்று மொழி போர்டு வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தமிழ்ப் பெயரைக் கையெழுத்து வகையில் போடலாம். ஆனால் மெல்லிய எழுத்து வேண்டாம். தூரிகையால் இழுத்தது போன்ற தடித்த எழுத்து போடுங்கள். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்று போர்டு எழுதுகிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நாற்பதடி அகலத் தெருவுக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து படிக்க நாலு அங்குலம். பஸ்ஸில் போகிறவர் நூறடியில் படிக்கப் பத்து அங்குலம். சுழி எழுத்தானால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

துணிப் பை: தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. மஞ்சப்பை என்பது நம் செலவில் வாடிக்கையாளர் ஊரெல்லாம் தூக்கிச் செல்லும் போர்டு. பையில் எழுத்து ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஏறுகிறது. துணியின் நூல் இழை முரடானது. மயிரிழைக் கோடுகள் அதில் உடைந்துபோகும், சிறு சுழிகளில் மை அடைத்துக்கொள்ளும். எனவே தடித்த கையெழுத்து, ஒரே நிறம், பெரிய அளவு.

காலண்டர், அழைப்பிதழ், வாழ்த்து அட்டை: இங்கேதான் மெல்லிய சுழி எழுத்துக்கு இடம். சிவகாசியில் ஆப்செட்டில் வழவழப்பான தாளில் அடிக்கும்போது நுண்ணிய கோடும் நிற்கும். ஆனால் தினசரி காலண்டர் அட்டையில் போன் எண்ணை மட்டும் நேர் எழுத்தில் போடுங்கள். வருடம் முழுதும் சுவரில் தொங்குவது அந்த எண்ணுக்காகத்தான்.

பில்: இப்போது பல கடைகளில் இரண்டு அங்குல, மூன்று அங்குலத் தாள் சுருளில் சூட்டில் அச்சாகும் மிஷின். அதில் சுழி எழுத்துக் கறையாகத்தான் விழும். பில்லில் அழகு வேண்டாம். கணக்குத் தெரிந்தால் போதும்.

பாக்கெட் லேபிள்: இதில் சட்டம் உண்டு. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகள், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் அல்லது பாக்கெட் செய்தவர் முகவரி, மாதம், ஆண்டு, புகார் தொடர்பு ஆகியவை தெளிவாகவும் எடுப்பாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும். கூடவே தமிழிலும் போட்டுக்கொள்ளத் தடையில்லை. உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணும் லேபிளில் வர வேண்டும். அந்தப் பதினான்கு இலக்கத்தையும் சுழி எழுத்தில் அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நாங்கள் அடித்தோம். அந்த லேபிளை எந்த அதிகாரியும் பார்க்காமல் போனது பிள்ளையார் துணை.

பெயரை ஓர் அழகான கையெழுத்தில் நிலைப்படுத்தியபின், அதையே வணிகக் குறியாகப் பதிவு செய்துகொள்ளலாம். 'வெல்லம்' என்ற பொதுச் சொல்லுக்கு யாரும் தனி உரிமை கொண்டாட முடியாது. ஆனால் நம் பெயரை நமக்கே உரிய வடிவில் எழுதிய குறிக்கு, 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தில் பாதுகாப்புக் கேட்கலாம். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் இணையம் வழி விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. சர்க்கரை, மாவு, மசாலா வகைகள் 30-ஆம் வகுப்பில் வரும். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

பெயின்டர் என்ன ஆனார்?

ஒரு காலத்தில் பாலக்கோட்டுக் கடைவீதி போர்டுகளெல்லாம் பெயின்டர்களின் கைவேலை. சாக்பீஸால் கோடு போட்டு, குச்சியில் கையை ஊன்றி, ஒரே மூச்சில் 'ஸ்டோர்' என்று இழுப்பார்கள். தக்காளி மார்க்கெட்டில் கிரேடுகளில் போடும் குறியெழுத்துக்கும் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு பிளக்ஸ் வந்தது. ஒரு நாளில் போர்டு, பாதி விலை. நாமும் மாறினோம். யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டு மூன்று கோடையில் வெளுத்து, காற்றில் கிழிந்து தொங்கும் பிளக்ஸையும், முப்பது வருடமாகச் சுவரில் மங்காமல் இருக்கும் எனாமல் எழுத்தையும் ஒப்பிட்டால், எது மலிவு என்பது கணக்குப் பார்க்க வேண்டிய விஷயம்.

வடக்கே ஹனீப் குரேஷி என்ற ஓவியர் இதை உணர்ந்து ஒரு வேலை செய்தார். தெரு பெயின்டர்களின் எழுத்தை அவர்களிடமே எழுதி வாங்கி, கம்ப்யூட்டர் எழுத்துருவாக மாற்றி, அந்த எழுத்துருவுக்கு அந்தப் பெயின்டரின் பெயரையே வைத்தார். 'ஹேண்ட் பெயின்டட் டைப்' என்று அந்த முயற்சிக்குப் பெயர். குரேஷி 2024-இல் காலமானார். பெயின்டர்களின் கை அந்த எழுத்துகளில் இருக்கிறது.

நாமும் நம் அளவில் செய்யலாம். முழு எழுத்துரு வேண்டியதில்லை. ஊரில் தூரிகை பிடிக்கத் தெரிந்த பெயின்டர் ஒருவரைத் தேடிப் பிடித்து, நம் கடைப் பெயரை மட்டும் வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் பத்து முறை எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் நன்றாக வந்த ஒன்றை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டால், போர்டு, பை, லேபிள், காலண்டர் எல்லாவற்றுக்கும் அதுவே. உலகத்தில் வேறு எந்தக் கடைக்கும் அந்த எழுத்து இருக்காது. கூலியை நியாயமாகக் கொடுங்கள். இந்த எழுத்தைக் கடைக்காகத் தந்தேன் என்று ஒரு வரி எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கும் மரியாதை, நமக்கும் பாதுகாப்பு.

எங்கள் லேபிள்

கடைசியில் நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். அடுத்த பொங்கலுக்கு லேபிள் போட வேண்டும் என்று உட்கார்ந்தபோது, பரணில் கிடந்த தந்தையாரின் பேரேடுகளை அண்ணன் இறக்கினார். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே சுழி. கீழே வரவும் பற்றும். 'வெல்லம்' என்ற சொல் நூற்றுக்கணக்கான இடங்களில் இருந்தது. எல்லாம் ஒரே மாதிரி: கொம்பு கொஞ்சம் பெரிதாக, கடைசி 'ம்' வலப்பக்கம் ஓடுவது போல. அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எழுத்தை அழகாக எழுத வேண்டும் என்று நினைத்து எழுதியவரல்லர். தினமும் எழுதி எழுதி வந்த எழுத்து.

அதில் ஒன்றைத் தேர்ந்து ஒரு பெயின்டரிடம் கொடுத்தோம். மை பரவிய இடத்தைச் சீர்செய்து, புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுத்தார். பக்கத்திலேயே தும்பிக்கை போட்ட 'விலை'யும் இருந்தது. ஆசையாகத்தான் இருந்தது, விட்டுவிட்டோம். லேபிளில் 'வெல்லம்' மட்டும் தந்தையார் கையெழுத்து. எடை, விலை, தேதி, முகவரி, போன் எண் எல்லாம் நேரான, சாதாரண எழுத்து. அச்சுக்குப் போகுமுன் அந்தப் பாட்டியிடமே காட்டிப் படிக்கச் சொன்னோம். கண்ணாடி போடாமல் எண்ணைப் படித்தார்.

அந்தப் பொங்கலுக்குப் பாக்கெட் போதவில்லை என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. சரக்கு நன்றாக இருந்தது, எண் சரியாக இருந்தது, ஆர்டர் வர வேண்டிய இடத்துக்கு வந்தது. ஆனால் ஒன்று நடந்தது. தந்தையார் காலத்தில் எங்களுக்கு வண்டியடித்த பெரியவர் ஒருவர் கடைக்கு வந்தார். மேசை மேல் இருந்த பாக்கெட்டைக் கையில் எடுத்துச் சிறிது நேரம் பார்த்தார். "இது பெரியவர் எழுத்தாச்சே தம்பி" என்றார். பேரம் பேசாமல் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார்.

பரணில் உங்கள் கடையின் பழைய பேரேடும் இருக்கும். கரையான் அரிக்குமுன் ஒரு நாள் இறக்கிப் பாருங்கள்.